சொந்தக்கை அக்காவின் பின்சக்கரங்கள்

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, டிராக்டரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறாள். இடது பக்கம் முடிந்தாயிற்று. வலது பக்கத்துக்குக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அது கழன்று கையோடு வந்துவிடும், ஏனென்றால் அதை மாட்டியதும் அவள்தான். ஆகவே தலையைத் திருப்புகிறாள். தையல்காரக் கணவர் வாசலுக்கு வந்து, இன்றைக்கு இரண்டு சட்டை வெட்ட வேண்டியிருக்கிறது, முடி வெட்டினால் கத்தரிக்கோல் மழுங்கிப்போகும் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்க்கிறார். அவள் நிமிரும்போது இடது பக்கத்து முடி தோளைத் தொடுகிறது, வலது பக்கத்து முடி காதோடு நின்றுவிட்டது.

"ஒரு பக்கம் ஏறியிருக்கேம்மா," என்கிறார் கணவர்.

"அது அப்படித்தான் இருக்கணும்," என்கிறாள் அவள்.

தெருவில் அவளுக்குச் சொந்தக்கை என்று பெயர். சின்னவர்களுக்குச் சொந்தக்கை அக்கா. வயது நாற்பத்தொன்பது. அடுத்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்காது. கொடுத்தால் அவர்கள் அதைச் சரியாகச் செய்துவிடுவார்களோ என்ற பயமும் உள்ளூர இருக்கலாம். அவள் வீட்டுக்கு முதல் முறை போகிறவர்கள் கொஞ்சம் சுதாரிப்பாக இருக்க வேண்டும். சமையலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால் தண்ணீர் கொட்டும். குளியலறைத் தாழ்ப்பாள் கதவுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிப்பது நல்லது. கூடத்து மின்விசிறி காற்றை மேல் நோக்கித் தள்ளுகிறது. கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்கும், ஆனால் மேலே ஒட்டடை சேராது. கேட்டால், ஒட்டடைக்காகத்தான் அப்படி மாட்டினேன் என்பாள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்களே, அவளுக்கு மீசையும் இல்லாதது இன்னும் வசதியாகப் போயிற்று.

இத்தனை கைத்தொழிலையும் அவள் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் எந்த வீடியோவையும் கடைசி வரை பார்த்தவள் இல்லை. பாதி ஓடும்போதே கை பரபரக்கும், எழுந்து ஸ்பேனரைத் தேடப் போய்விடுவாள். "பாதி தெரிஞ்சா போதும். மீதி, வேலையில இறங்கினா தானா வரும்" என்பது அவள் கொள்கை. மீதி வரத்தான் செய்கிறது, வேறு வாசல் வழியாக வருகிறது.

டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவளைக் கேலி பேச யாருக்கும் வாய் வராது. பழைய வண்டியாக வாங்கிப் பதினோரு வருஷமாக வாடகை உழவு ஓட்டுகிறாள். நூல் பிடித்த மாதிரி சால் போடுவாள். கல் கிடக்கும் இடத்தை ஸ்டீயரிங் அதிர்வில் கண்டுபிடித்துக் கலப்பையைத் தூக்கிவிடுவாள். அவள் உழுத நிலத்தில் விதைப்பு மெஷின் ஓட்டுகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்பார்கள்.

அவளுடைய வருஷம் நிமிர்ந்து நிற்பது மேட்டுத் தோட்டத்தால். நாற்பது ஏக்கர், அதில் பாதி சரிவு, வருஷத்துக்கு இரண்டு உழவு. தையல் மெஷின் சம்பாதிப்பது தையல்காரரின் டீக்கும் மெஷினின் எண்ணெய்க்கும் போய்விடுகிறது. மேட்டுத் தோட்டம் கை நழுவினால் டிராக்டரையே விற்க வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

தோட்டத்துக்குச் சொந்தக்காரி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் பெரிய டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்கு வருகிறவர்கள் வரிசையாக வந்து அவர் முகத்துக்கு எதிரே வாயை ஊதிவிட்டு உள்ளே போக வேண்டும். அதுதான் அங்கே வருகைப் பதிவு. குடி வாடை வந்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது, மறு பேச்சு கிடையாது. அப்படிப் போன டிரைவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் இருமல் மருந்துதான் குடித்திருந்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொந்தக்கைக்கு இந்தப் பரீட்சையில் எப்போதும் நூற்றுக்கு நூறு.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. போன உழவில் பெரிய டீச்சர் மூன்று கொழு வைத்த புதுக் கலப்பை வாங்கியிருந்தார். சமதளத்தில் வண்டி அதைச் சிரித்துக்கொண்டே இழுத்தது. சரிவில் ஏறும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, மண்ணை வாரி இறைத்து, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தன. வண்டி கனம் போதாமல் வழுக்குகிறது. பெரிய டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். அடுத்த உழவிலும் இப்படிக் குழி தோண்டினால் பெரிய வண்டிக்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று, அடுத்த வகுப்புக்குப் பாஸ் இல்லை என்கிற குரலில் சொன்னார்.

சொந்தக்கைக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. தெரு முனையில் டயர் கடை வைத்திருக்கிறார். அடுத்த உழவு நெருங்குகிற சமயம் விஷயம் கேள்விப்பட்டதும் அவரே நடந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்டயர்களில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, வெளியே ஆளுக்கொரு இரும்புத் தட்டு மாட்டினால் வண்டி மண்ணைக் கவ்விக்கொள்ளும், ஒரு மணி நேர வேலை, கடைக்கு ஓட்டி வா என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இது உன்னால ஆகாது பாப்பா. பம்ப் வேணும்," என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானமே அவள் போனை எடுத்து உட்கார்ந்தாள். டயருக்குள் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று பார்க்கப் போனவள், அதற்கும் மேலே ஒன்றைக் கண்டுபிடித்தாள். எங்கோ ஒரு குளிர் நாட்டில் தண்ணீருக்குப் பதிலாக ஏதோ ஒரு இனிப்புக் கிழங்கின் சாற்றை ஊற்றுகிறார்கள். தண்ணீரை விடக் கனம், சக்கரத்து இரும்பும் துருப்பிடிக்காது. கிழங்குக்கு எங்கே போவது? மாட்டுத் தீவனக் கடையில் கரும்பாலைக் கழிவுப்பாகு டிரம் டிரம்மாகக் கிடக்கிறதே! அதுவும் இனிப்பு, அதுவும் கனம். வீடியோவில் பேசுகிறவன் கடைசியில், அந்தச் சாற்றிலிருந்து சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்டுத்தான் டயரில் ஊற்ற வேண்டும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அப்போது சொந்தக்கை தீவனக் கடையில் நின்று டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பாகு கெட்டியாக இருந்ததால் ஒன்றுக்கு இரண்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கினாள். டிரம்மின் அடியில் லேசாக நுரை தட்டியிருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று அதையும் சேர்த்துக் கலக்கினாள். டிரம்மை மாடிப்படியின் மேல் திருப்பத்தில் ஏற்றி வைத்தாள். பம்ப் எதற்கு, உயரம் இருக்கிறதே! முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, காற்று ஏற்றும் வால்வு உச்சிக்கு வரும்படி சுற்றி நிறுத்தினாள். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றினாள். காற்றெல்லாம் சீறி வெளியேறியதும் ஹோஸ் குழாயைச் செருகினாள். உள்ளே பாகு போகப் போக மிச்சக் காற்று அடைபட்டு நிற்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குழாயை உருவினால் டயர் பெரிதாக ஒரு ஏப்பம் விடும், மறுபடி செருக வேண்டும். இப்படி ஒரு சக்கரத்துக்கு ஒரு நாள். வால்வு வழியாகப் பாகு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, ஊசியை முடுக்கி, மேலே பாக்கியிருந்த இடத்துக்குக் காற்று அடித்தாள். வேலை சுத்தமாகத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் டயரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். 'தொம்' என்று நிறைந்த சத்தம் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துத் தையல்காரரே அசந்துபோனார்.

முதலில் எறும்புகள் வந்தன. மறுநாள் காலையில் மாடிப்படியிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனியாக இரண்டு வரிசை. அவள் அசரவில்லை. கசிவு இருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேட வேண்டாம், எறும்பே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும், அதற்காகவே இந்த ஏற்பாடு என்று தெருவில் விளக்கம் சொன்னாள். அண்ணன் கடை திறக்கப் போகும் வழியில் நின்று எறும்புகளை வெகு நேரம் பார்த்தார்.

"டயர்ல என்ன பாப்பா ஊத்தினே?"

"தண்ணி."

"தண்ணி குடிக்க எறும்பு இவ்வளவு தூரம் வராதே. சர்க்கரைச் சமாச்சாரமா இருந்தா இறக்கிடு. வெயில்ல புளிச்சுடும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் நாலாவது காலை எண்ணிக் காட்டி என்ன பிரயோஜனம்? அண்ணன் கடைக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் தையல்காரர் ஒரு விஷயம் கவனித்தார். எதைக் கண்டாலும் அளக்கிற கை அவருடையது. விருந்துக்கு வருகிறவர்களைக் கூடக் கண்ணாலேயே தோள், மார்பு, இடுப்பு என்று எடுத்துவிடுவார். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து தரை வரைக்கும் டேப்பைப் பிடித்தார். முந்தின நாளும் சும்மா இருக்க முடியாமல் அளந்து சீட்டில் குறித்து வைத்திருந்தார்.

"இந்தாம்மா, வண்டி ராத்திரியோட ராத்திரி அரை இன்ச் வளர்ந்திருக்கு," என்றார்.

வளருகிற டிராக்டரை யாரும் பார்த்ததில்லை. அவள் காற்று மானியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினாலு வைத்த இடத்தில் இருபத்தெட்டு காட்டியது. யாரும் காற்று அடிக்கவில்லை. டயர் தனக்குத் தானே அடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலுக்கு உப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வால்வு ஊசியை விரல் நகத்தால் அழுத்தினாள். 'உஸ்' என்று வெளியே வந்த காற்றை முகர்ந்ததும் அவள் முகம் மாறியது. அது சாராயக் கடைப் பின்வாசலின் வாசம். டயருக்குள் பாகு புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாசத்தைச் சரியாக அடையாளம் கண்டவர் எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன். டாக்டர் மிரட்டியதால் குடியை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது அவருக்கு. மறுநாளிலிருந்து அவள் காற்று இறக்குகிற நேரம் பார்த்து, "அக்கா, டயரைப் பாத்தாச்சா?" என்று அக்கறையோடு வந்து நிற்க ஆரம்பித்தார். வால்வுக்குப் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். நான்காம் நாள் அவர் மனைவி வந்து, உங்கள் வண்டி என் வீட்டுக்காரரைக் கெடுக்கிறது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போனாள். வண்டி மேல் அப்படி ஒரு புகார் எந்த ஊரிலும் எழுந்திருக்காது.

இறக்கிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் மேட்டுத் தோட்டத்து உழவுக்கு இரண்டே நாள் இருந்தது. இறக்க ஒரு நாள், தண்ணீர் ஏற்ற இரண்டு நாள். அண்ணன் கடைக்குப் போனால் ஒரு மணி நேரம். போனால், தெரு முனையில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க டயரிலிருந்து பழுப்பு நுரை கொட்டும். அதை நினைத்ததுமே, காலையும் சாயங்காலமும் காற்றை இறக்கிக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

உழவு நாள் காலை ஆறு மணிக்குப் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்று ஊதினாள். நூற்றுக்கு நூறு. உள்ளே போய்க் கலப்பையை மாட்டிச் சரிவில் ஏற்றினாள். வண்டி ஏறியது பாருங்கள், போன உழவில் பள்ளம் பறித்த அதே இடத்தில், சக்கரம் ஒரு சுற்றுக் கூட வீணாக்காமல், மூன்று கொழுவையும் இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போய் நின்றது. அவள் வண்டியின் மட்கார்டைப் பெற்ற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி தட்டினாள். பத்து மணிக்குள் மூன்று ஏக்கர் முடிந்தது. பெரிய டீச்சர் தூரத்தில் குடைக்குக் கீழே நின்று, தலையை மேலும் கீழும் அசைத்தார். அவர் தலை மேலும் கீழும் அசைந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. வண்டி தடதடவென்று குதிக்க ஆரம்பித்தது. டயர் கல்லாக இறுகினால்தான் அப்படிக் குதிக்கும். மர நிழலில் நிறுத்தி வலது சக்கரத்தில் மானியை வைத்தாள். நாற்பதைத் தாண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வண்டியைப் பார்த்துப் பயந்தது அன்றுதான். வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் மிஞ்ச மாட்டார். அவசரத்தில் ஒன்றை மறந்துபோனாள். வால்வு உச்சியில் இருந்தால்தான் காற்று வரும். அப்போது அது கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. குனிந்து ஊசியை அழுத்தினாள். நெற்றியிலிருந்து முழங்கால் வரை பழுப்பு நுரை பீய்ச்சி அடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே குடை. குடைக்குக் கீழே பெரிய டீச்சர். அவர் மூக்கு ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

"ஊது."

ஊதினாள்.

"இன்னொரு தடவை."

ஊதினாள். வாயில் ஒன்றும் இல்லை. தலைமுடி, சட்டை, புருவம் எல்லாம் மணக்கிறது. பெரிய டீச்சர் ஒரு அடி பின்னால் போய் அவளை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது. என்ன இதெல்லாம் என்று கேட்டார்.

"அது அப்படி..." என்று தொடங்கிய சொந்தக்கைக்கு மீதி வாக்கியம் வரவில்லை. நாற்பது ஏக்கரும் எதிரே கிடந்தது. அரைகுறையாக உழுத சரிவும், மூன்று கொழுக் கலப்பையும், வீட்டில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருக்கும் மனிதரும் ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். அந்த வாக்கியத்தை முடித்தால் தோட்டம் போய்விடும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்," என்றாள்.

சொல்லி முடித்ததும், இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தாள். பாகு, வெதுவெதுப்பான தண்ணீர், எறும்பு, அரை இன்ச், எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் வரைக்கும். பெரிய டீச்சர் சக்கரத்துப் பக்கம் போய், வால்வில் தொங்கிக்கொண்டிருந்த நுரையை விரலால் தொட்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டு போய்ச் சட்டென்று கையை உதறினார்.

"அப்போ குடிச்சது நீ இல்ல. வண்டி," என்றார்.

"ஆமா டீச்சர்."

"குடிச்சவங்க யாரும் என் தோட்டத்துக்குள்ள இருக்கக் கூடாது. ஆளா இருந்தாலும் சரி, வண்டியா இருந்தாலும் சரி. சாயங்காலத்துக்குள்ள இதைத் தெளிய வை. முடியலேன்னா நாளைக்குப் பெரிய வண்டி வரும்."

சாயங்காலத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தது. அவள் முறைப்படி ஏணி வைத்து, டிரம் தூக்கி, ஏப்பம் விடவைத்துச் செய்தால் மூன்று நாள். முதலில் வால்வு மேலே வரும்படி வண்டியை மெல்ல நகர்த்தி, இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கி ஆபத்தைப் போக்கினாள். பிறகு மர நிழலில் நின்று போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அண்ணே, உன் பம்பைத் தூக்கிக்கிட்டு மேட்டுத் தோட்டத்துக்கு வா," என்றாள்.

அண்ணன் கடையைப் பாதி மூடிவிட்டுக் கிளம்பினார். இருபது நிமிஷத்தில் அவருடைய குட்டி வேன் வந்து நின்றது. பின்னால் பம்ப், தண்ணீர் ஏற்றுகிற வால்வுத் துப்பாக்கி, நாலு காலி டிரம். கூடவே இரண்டு இரும்புத் தட்டுகள். அவற்றின் மேல் ஒரு வாரத் தூசி படிந்திருந்தது. எப்போது கூப்பிடுவாள் என்று ஏற்றி வைத்தே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அவள் வேறு பக்கம் திரும்பி வேன் கதவைச் சாத்தினாள்.

பாகை நிலத்திலேயே திறந்துவிடலாமா என்று அண்ணன் கேட்டபோது, என் மண்ணுக்குக் குடிப்பழக்கம் வேண்டாம் என்று பெரிய டீச்சர் மறுத்துவிட்டார். ஆகவே வால்வைக் கீழே திருப்பி, வடிந்ததை டிரம்களில் பிடித்து, குப்பைக் குழியில் கொட்டினார்கள். இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசினார்கள். பிறகு வால்வை உச்சிக்குத் திருப்பி, பம்பை ஓட்டி, தண்ணீர் வால்வில் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றினார்கள். அந்தத் துப்பாக்கியில் ஒரு பக்கம் தண்ணீர் போகும்போதே மறு பக்கம் காற்று தானாக வெளியேறியது. ஏப்பமும் கிடையாது, உருவிச் செருகுவதும் கிடையாது. அவள் அதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டாள். அண்ணன் சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு இருபத்தொண்ணு ஸ்பேனர் கொடு, கட்டை கொடு, துணி கொடு என்று கையை நீட்டினார். கேட்டதைக் கேட்ட கையில் கொடுத்தாள். இரும்புத் தட்டை முடுக்கும்போது மட்டும், அந்த நட்டை நான் ஒரு சுற்றுச் சுற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் அண்ணன். சரி என்றாள்.

நாலரை மணிக்குக் கலப்பையை மறுபடி மாட்டிச் சரிவில் ஏற்றினாள். கீழே அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார். மேலே பெரிய டீச்சர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளம் பறித்த இடம் வந்தது. அவள் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் ஒரு முறை முனகி, மண்ணை அழுத்தி, ஏறிவிட்டது. உச்சியில் திருப்பி, இறங்கி, இன்னொரு சால் ஏறினாள். அதிலும் வழுக்கவில்லை. பெரிய டீச்சர் எழுந்து வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு பக்கமும் முகர்ந்து பார்த்தார். ரப்பரும் மண்ணும்தான் மணத்தன.

"நாளைக்கு ஆறு மணி," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவளுக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, சிரிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை, சக்கரத்து இரும்பின் உள் மடிப்பில் இன்னும் கொஞ்சம் பாகு ஒட்டிக் கிடக்கிறது, விட்டால் பொழுது விடிவதற்குள் தோட்டத்து எறும்பெல்லாம் கூடிவிடும். தோட்டத்துக் குழாயில் ஹோஸைச் செருகி, முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு, சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அண்ணன் பம்பையும் டிரம்களையும் வேனில் ஏற்றி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததை அவசரப்படாமல், நிதானமாக, முழுசாகச் சொல்லப் போகிறவரின் நிம்மதி அவர் முகத்தில் பரவியது. தொண்டையைச் செருமினார்.

"பாப்பா," என்றார், "நான் அன்னைக்கே..."

சொந்தக்கை ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, அண்ணன் பக்கம் திருப்பினாள்.